புதுக் குடித்தனம்

மாலை ஆறு மணிக்கு அந்த ஊரை அணைத்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்த ஊர்தான். ஆனால் அதில் காசு கொடுத்து வீடு வாங்கியவர்கள் இன்னமும் குடியிருந்தார்கள். அணைக்குமுன் ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது கம்பெனி வழக்கம் என்பதால் சங்கவி புதுப் பெயரில் நுழைந்தாள். தெருவில் எல்லோரும் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள், இன்னும் சற்று நேரத்தில் இல்லாமல் போகப்போகிற வாசல்களை. துடைப்பத்தோடு நிமிர்ந்த ஒரு பெண், சங்கவியின் தலைக்கு மேல் மின்னிய ‘புதியவர்’ பட்டையைப் பார்த்துவிட்டாள்.

“இப்பதான் வாங்குனியாம்மா? மூடப்போறத சொல்லாமலா உன் தலையில கட்டுனானுங்க, பாவிங்க!” ஹெட்போனில் அந்தக் குரல் உண்மையாகவே பதறியது. “எம் பேரு மரகதம். உனக்கு ஒரு வீடுகூட இல்லியே. இந்தா, என் வீட்ட எடுத்துக்கோ.”

“வேணாம்க்கா.”

“சும்மா இரு. செத்த நேரமாச்சும் குடியிருந்தோம்னு இருக்கட்டும்.”

மரகதம் அடுப்பில் பால் வைத்தாள். தெருவே துடைப்பங்களைப் போட்டுவிட்டு வந்து கூடியது. அணைக்கப்போகிறவளே நான்தான் என்று சொல்ல வந்த சங்கவி, ஹெட்போன் மைக்கை அணைத்தாள். “என்னம்மா, முடிச்சாச்சா?” என்றார் பக்கத்து மேசையிலிருந்து மேனேஜர்.

பால் பொங்கியது. எல்லோரும் குலவையிட்டார்கள்.

“வலது கால எடுத்து வச்சு வாம்மா” என்று மரகதம் ஒதுங்கி வழிவிட்டாள்.

மேசைக்கடியில் சங்கவி செருப்பைக் கழற்றினாள்.