முழு வாசிப்பு

கொலராடோ சட்டமன்றத்தில் எழுத்தர் லோர்னா மசோதாவை உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே ஓர் உறுப்பினர் கோரினாலும் முழுவதையும் வாசித்தே ஆக வேண்டும் என்பது மாநில அரசியலமைப்பு விதி. எதிர்க்கட்சியின் வெரா லுஹான் கோரிவிட்டார். கூட்டத்தொடர் இன்றோடு முடிகிறது. அதற்குள் வாக்கெடுப்பு நடக்காவிட்டால் மசோதா செத்தது. வண்ணக் கண்ணாடி வழியே விழும் வெயில் மேசைகளைத் தாண்டிச் சுவரேறுகிறது. யாரோ பேனாவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். "கொஞ்சம் வேகமா படிங்கம்மா," என்று சபாநாயகர் பல்லைக் கடிக்கிறார். "முழுசா படிக்கணும்னுதான் எழுதியிருக்கு. மூச்சு வாங்கப் படிக்கணும்னு எழுதலையே சார்!" என்கிறார் வெரா. எழுந்த சிரிப்பு சட்டென அடங்குகிறது. லோர்னா பக்கத்தைப் புரட்டுகிறாள். சுரங்கக் கழிவைத் திறந்துவிட மசோதா அனுமதிக்கும் ஓடைகளின் பெயர்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று அவள் வீட்டுக் கொல்லையில் ஓடுவது. எழுத்தருக்குக் கட்சி கிடையாது. குரல் நடுங்கக் கூடாது. அந்தப் பெயரையும் மற்றவை போலவே வாசிக்கிறாள். சபாநாயகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். பிறகு தண்ணீர்க் குவளையை எடுத்து, அவை முழுவதும் பார்த்திருக்க, மடக்கு மடக்காகக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாள்.