கழுவிக் கொடுத்த குப்பை

"இன்னாத்துக்கும்மா இந்தக் கண்றாவிய எடுத்துக்கினு போற?"

வாளியோடு கிளம்பிய மருமகள் நதியாவை மாதையன் மறித்தார். வாளிக்குள் பலாச் சக்கை, ஊசிப்போன சாமைச் சோறு, எண்ணெய்க் கவர், ஈ.

"குப்பைய இருக்கிறபடியே குடுக்கணும்னு கணக்கெடுக்க வந்த மேடம் சொன்னாங்க மாமா. எடை போட்டு, ஈரம் எவ்ளோன்னு அளப்பாங்களாம்."

"அளக்கட்டும். அசிங்கம் புடிச்ச ஊர்னு உரக் கொட்டாய வேற ஊருக்குக் குடுத்துட்டா?"

குப்பையை உரமாக்குகிற கொட்டகை வந்தால் புதூர்நாட்டு மலையிலேயே மகன் ஆனந்தனுக்கு ஒரு வேலை. திருப்பூர் சாயப்பட்டறையில் இருமிக்கொண்டு கிடக்கிறவனைத் திரும்பக் கொண்டுவர மாதையனுக்கு வேறு வழியில்லை.

வாளியைப் பிடுங்கினார். சக்கை மாட்டுக்குப் போனது, சோறு கோழிக்கு. மிஞ்சின எண்ணெய்க் கவர், சிப்ஸ் கவரையெல்லாம் குடத்துத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டார்.

அதோடு விட்டாரா? வீடு வீடாகப் போனார்.

"குப்பைய கழுவணுமா? கெழவனுக்குக் கிறுக்கு புட்ச்சிக்கிச்சி," என்றாள் அம்மாக்கண்ணு.

"உன் வூட்டு நாத்தத்தால எம்புள்ள வேலை போவணுமாடி?"

அவளும் கழுவினாள். ஊரே கழுவியது.

தராசோடு ஜீப்பில் வந்த அபிநயா மேடம் மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். நாற்றமே இல்லை.

"அப்படியேதானே குடுத்தீங்க?"

"அப்படியேதாம்மா," என்றார் மாதையன், எல்லாருக்கும் முந்தி.

நதியா வாயைத் திறந்தாள். முறைத்தார். மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் அபிநயா மறுபடி வந்தாள்.

"கணக்குப் போட்டாச்சுங்க ஐயா. உங்க குப்பையில ஈரமே இல்ல."

"சுத்தமான ஊரும்மா இது! கொட்டாய் எப்ப கட்டுவீங்க?"

"ஈரக் குப்பை இருந்தாத்தாங்க மக்கும், உரமாகும். கொட்டகை வேற ஊருக்குப் போயிடுச்சு."

மாதையன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்.

"ஈரத்த மாடு கோழிக்குப் போட்டுட்டு, மிச்சத்தக் கழுவித்தாம்மா குடுத்தோம். நாந்தான் கழுவச் சொன்னேன். இன்னொருவாட்டி அளந்து பாரும்மா."

"ஆர்டர் போட்டாச்சுங்களே."

"எம்புள்ளைக்கு..."

"வருத்தப்படாதீங்க ஐயா, உங்க ஊர விட்டுடல," என்றாள் அபிநயா, ஆறுதலாகத்தான். "காஞ்ச குப்பை நல்லா எரியுமாம். எரிக்கிற உலை உங்களுக்குத்தான். ஆள்கூட வேணாம், மெஷினே பாத்துக்கும். கீழ இருக்கிற ஊருங்க குப்பையெல்லாம் இனிமே மலையேறி இங்கதாங்க வரும்."