இழுத்து வந்த வண்டி

ஷெட்டில் உறை போட்டு நின்ற பழைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எடுப்பதென்று முடிவு செய்தார் துரைக்கண்ணு. தினமும் ஓடும் வெள்ளைக் காருக்கு தேர்ட் பார்ட்டியே போதும் என்றார்.

வெள்ளைக் காருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாள் பூரா லாரிங்களுக்கு நடுவுல போறது நான். நான் இடிச்சா எதிராளிக்குப் பணம் வரும், நான் நசுங்கினா எனக்கு ஒண்ணும் கிடையாது. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் நசுக்க மட்டும் வெளிய வர்ற உனக்கு என்ன ஆபத்து?"

"எனக்கு ஸ்பேர் கிடைக்காதுப்பா," என்றது பழைய கார்.

மறுநாள் இன்சூரன்ஸ்காரர் போட்டோ எடுக்க வந்தார். பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை. வெள்ளைக் கார்தான் கயிறு கட்டி அதை வாசலுக்கு இழுத்து வந்தது.

"சார், அந்த வெள்ளை வண்டியைத் தள்ளி நிறுத்துங்க. போட்டோவுல விழுது."

துரைக்கண்ணு கயிற்றை அவிழ்த்தார். "ரோட்டுலயே விட்டுடறேன். அதுக்கு ஒண்ணும் ஆகாது."