நலம் விசாரிக்க

வாணவேடிக்கை மேலிருந்த பைத்தியத்தில் கற்றுக்கொண்ட கைவேலைதான் வெடி கட்டுவது. இப்போது சாவு ஊர்வலங்களில் வெடி போட்டுத் தவசிமுத்து கைச்செலவுக்குச் சம்பாதித்தான். அதனாலேயே, அவன் தெருவில் நின்றால் நோயாளி இருக்கும் வீடுகள் கதவைச் சாத்தின.

படுக்கையில் கிடந்த நண்பன் கருணையாவைப் பார்க்கக் கொய்யாப்பழம் வாங்கிப் போனான். கருணையாவின் மனைவி சீனியம்மா வாசலை மறித்தாள்.

“அவுக இன்னும் உசுரோட இருக்காக அண்ணே. போயிருங்க.”

“சும்மா பாக்கத்தான் வந்தேன் தங்கச்சி.”

பழப்பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தான். அவள் கண் பையைவிட்டு அகலவில்லை.

உள்ளிருந்து கருணையாவின் குரல் வந்தது. “அவன விடுடீ. டேய், நான் செத்த அன்னைக்கு நீ போடுற வெடி எனக்குக் கேக்காதுல்ல? ஒண்ணே ஒண்ணு இப்பப் போடேன்.”

தவசிமுத்து பைக்குள், பழங்களுக்கு அடியில் கையை விட்டான்.

சீனியம்மா இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.