புதன்கிழமைக் கமிட்டி

"நீ ஏன் ஆராதனைக்கு வர்றதே இல்ல?" என்று கேட்டார் துணை முதல்வர்.

"எனக்கு நம்பிக்கை இல்ல சார். இருக்கிற மாதிரி உட்கார்ந்து நடிக்க வரல."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் டீ குடிப்பதை நிறுத்தினார்கள். துணை முதல்வர், கணக்குப் பேராசிரியர், விடுதி வார்டன். திமிர் பிடித்த பெண் என்று மூன்று முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

அதில் தப்பும் இல்லை. இது கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துக் கல்லூரி. புதன்தோறும் காலையில் ஆராதனை, வந்தே தீரணும் என்று சேரும்போதே சொல்லித்தான் சேர்த்தார்கள். தலையாட்டிவிட்டுத்தான் அவளும் சேர்ந்தாள். இப்போது கடைசி வருஷம். ஆராதனைக்கு வராதவர்களைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பரீட்சை எழுதாவிட்டால் படித்ததெல்லாம் பாழ்.

விடுதியில் அவளுக்கு ஊசி என்று பெயர். வாயைத் திறந்தால் குத்தும்.

காலையில் போனில் அம்மா அழாத குறை. "சும்மா போய் உட்கார்ந்துட்டு வாயேன்டி! கண்ணை மூடினா ஜெபம், மூடாட்டி வேடிக்கை. உனக்கென்ன தேய்ஞ்சா போயிடும்?"

"பொய்யா உட்கார முடியாதும்மா."

"ஆமா, ஊர்ல இருக்கிற உண்மையெல்லாம் உன் தலையிலதான் கட்டியிருக்கு. பரீட்சை எழுத விடலைன்னா வீட்டுப் பக்கம் வராதே!"

அம்மா இப்படித்தான் சொல்வாள். ஆனால் பரீட்சை போனால் அம்மா சாப்பிடமாட்டாள். ஊசிக்கு அது தெரியும்.

கீழே ஆராதனைக் கூடத்தில் பாட்டு ஆரம்பித்தது. "அந்த ஜன்னலைச் சாத்துங்க, பேசறது கேட்கல" என்றார் துணை முதல்வர். வார்டன் எழுந்து போய்ச் சாத்தினார்.

ஊசிக்கு அப்போதுதான் உறைத்தது.

"சார், ஆராதனை இப்பதானே நடக்குது?"

"ஆமா."

"அப்ப விசாரணையை ஏன் இந்த நேரத்துல வச்சீங்க?"

"இந்த நேரத்துலதான்மா எல்லாருக்கும் வேலை இல்லாம இருக்கு" என்றார் கணக்குப் பேராசிரியர்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

"போன புதன்கிழமை போனீங்களா சார்?"

"போன புதனும் கமிட்டி."

"அதுக்கு முந்தி?"

"ஏய், விசாரணை உனக்கா எங்களுக்கா?" என்றார் வார்டன். "ஆராதனைக்கு வராத உங்களை விசாரிக்கவே பொழுது சரியா இருக்கு. இதுல நாங்க எங்கேர்ந்து போறது?"

துணை முதல்வர் கையை உயர்த்தினார். "போகட்டும். சின்னப் பொண்ணு. ஒரு வாய்ப்புக் கொடுப்போம். இன்னையிலேர்ந்து ஒரு புதன்கூடத் தவறக் கூடாது. தவறினா பரீட்சை கிடையாது. சம்மதமா?"

ஊசிக்கு அம்மாவின் முகம் வந்து போனது.

"சம்மதம் சார்."

கணக்குப் பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சிக்கல் இருக்கு. இன்னைக்கும் புதன்தான். இவ இங்க நிக்கிறா."

துணை முதல்வர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"வரச் சொன்னதே நாமதானே?" என்றார் வார்டன்.

"கூடத்து வாசல்ல வருகை அட்டை தேய்க்கிற மிஷினுக்கு அது தெரியுமா? தேய்க்கலைன்னா வரலைன்னுதான் காட்டும். இப்பவே தவறிட்டா."

"அப்ப நாமளும் தேய்க்கலையே?"

"நாம கமிட்டி. நமக்கு விலக்கு உண்டு" என்றார் பேராசிரியர்.

துணை முதல்வர் கண்ணை மூடி யோசித்தார். பார்த்தால் ஜெபம் பண்ணுகிற மாதிரிதான் இருந்தது.

"கமிட்டியில மாணவிகள் சார்பா ஒரு ஆளைப் போடுங்கன்னு மேலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. இவளையே போட்டுடுவோமா?"

ஊசி விழித்தாள். "அப்ப நான் ஆராதனைக்குப் போக வேண்டாமா சார்?"

"எப்படிம்மா போவே? புதன்கிழமை கமிட்டி இருக்கே."

"பரீட்சை?"

"தாராளமா எழுது."

நடிக்கவும் வேண்டாம், பரீட்சையும் உண்டு, அம்மாவும் சாப்பிடுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"சரி சார்" என்றாள்.

வார்டன் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டீயும் ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த புதன்கிழமை விசாரணைக்கு முதல் வருஷப் பெண் ஒருத்தி வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நீ ஏன் ஆராதனைக்கு வர்றதில்ல?" என்றார் துணை முதல்வர்.

பதில் சொல்ல நிமிர்ந்தவள் ஊசியைப் பார்த்தாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி முகம் மலர்ந்தது.

"அப்பாடா, நீங்க இங்க இருக்கீங்களா! நீங்களே சொல்லுங்கக்கா. நம்பிக்கை இல்லாம உட்கார்ந்தா அது பொய்தான்னு விடுதி மாடிப்படியில நின்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே? அதைக் கேட்டுத்தான்க்கா நானும் போகல. எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

மூன்று தலைகளும் ஊசியின் பக்கம் திரும்பின.

ஊசி டீயை ஒரு வாய் குடித்தாள். கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"முதல்ல இந்த அக்கா கிக்கா எல்லாம் வெளியில வச்சுக்கோ. இங்க மேடம்னு கூப்பிடு."