சார்ஜ் மிச்சம்

மேனேஜர் கவுன்ட்டர் பெண்ணைத் திட்ட வாயைத் திறந்ததுமே, பேட்டரி அண்ணன் தன் காது மெஷின் இரண்டையும் கழற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேருடைய போனை மாற்றிக் கொடுத்தது அவள்தான். ஆனால் அவர் திட்டுவது அவளுக்காக மட்டுமா? கடையில் இருக்கிற ஆறு பேரும் கேட்டுத் திருந்தட்டும் என்றுதானே நடு ஹாலில் நிறுத்திவைத்துத் திட்டுகிறார்? இந்த மனுஷன் என்னடாவென்றால் காதை மூடி வைத்துவிட்டு, குனிந்து யாருடைய போனையோ பிரித்துக்கொண்டிருக்கிறார்.

இது முதல் தடவையும் இல்லை. போன வாரம் டெலிவரிக்காரருக்குத் திட்டு விழுந்தபோதும் இதே கதைதான்.

போன், டேப்லெட் விற்று, பழுதும் பார்க்கிற கடை அது. பேட்டரி என்றால் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் போகும். அதனால்தான் அந்தப் பெயர். புது பேட்டரி போட வருகிறவர்களிடம், பழசையே இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவது எப்படி என்று சொல்லி அனுப்புவார். நூறு வரைக்கும் ஏற்றாதீர்கள், எண்பதில் எடுத்துவிடுங்கள், சுத்தமாகக் காலியாக விடாதீர்கள், சூட்டில் வைக்காதீர்கள். வியாபாரத்தைக் கெடுக்கிறாரே என்று மேனேஜருக்கு அதிலும் ஒரு கடுப்பு.

கூப்பிட்டு விசாரித்தார். பேட்டரி அண்ணன் பொறுமையாகச் சொன்னார். காது மெஷினுக்குள் இருப்பதும் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரிதானாம். தேவையில்லாத நேரத்தில் அணைத்து வைத்தால் சார்ஜ் மிச்சமாம், ஆயுசும் கூடுமாம்.

"அப்ப நான் பேசறதுதான் உங்களுக்குத் தேவையில்லாத நேரமா?"

பேட்டரி அண்ணன் கையிலிருந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"காது கேக்கத்தானே மெஷின் வாங்கினீங்க? டப்பாவுல போட்டு அடைகாக்கவா?"

கடையே கேட்கிற மாதிரிதான் கேட்டார். யாராவது சிரிப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. இனிமேல் வேலை நேரத்தில் மெஷினைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு போட்டு அனுப்பினார்.

பேட்டரி அண்ணனும் சொன்னபடி கேட்டார். அடுத்த முறை டெலிவரிக்காரரை மேனேஜர் பிடிபிடியென்று பிடித்தபோது, அவர் மெஷினோடுதான் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற டெலிவரிக்காரர் அன்று சாப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை.

அந்த வாரமே பேட்டரி அண்ணன் ஒரு விஷயமாக வந்து நின்றார். வாசல் கண்ணாடி அலமாரியில் எட்டு டேப்லெட்டுகள் எந்நேரமும் சார்ஜரிலேயே கிடக்கின்றன, நேர் வெயில் வேறு விழுகிறது, பேட்டரி உப்பிக்கொள்ளும், பாதி சார்ஜில் அணைத்து உள்ளே வைத்துவிடலாம் என்றார். திரை எரிந்தால்தான் ஜனம் உள்ளே வரும், நீங்கள் உங்கள் மேஜையைப் பாருங்கள் என்று மேனேஜர் விரட்டிவிட்டார்.

சில மாதங்களில் எட்டில் ஆறு உப்பிவிட்டன. ஒன்றில் திரையே சட்டத்தை விட்டுப் பெயர்ந்து நின்றது. அதை முதலில் பார்த்தவர் முதலாளியம்மா.

அவரும் நடு ஹாலில்தான் நிறுத்திவைத்துத் திட்டினார்.

"இது தீப்பிடிச்சிருந்தா இங்க இருக்கறவங்க கதி என்ன? யோசிச்சீங்களா?"

மேனேஜருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கவுன்ட்டர் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். டெலிவரிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர்கூடவா உங்ககிட்ட சொல்லல?"

அப்போதுதான் மேனேஜர் கண்ணில் பட்டது. பேட்டரி அண்ணன் மெஷின்களைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடிவிட்டு, மேஜை மேல் குனிந்திருந்தார்.

"பேட்டரி வேலை அவரோடது மேடம். எடுத்து உள்ள வைங்கன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்களே பாருங்க, இப்படிக் காதைக் கழட்டி வச்சுட்டு உக்காந்தா எப்படிக் கேக்கும்?"

முதலாளியம்மா திரும்பிப் பார்த்தார். வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. இந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிடுங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று மாடியேறிப் போய்விட்டார்.

கவுன்ட்டர் பெண் மேனேஜரை நேராகப் பார்த்தாள். முதலில் கண்ணைத் தாழ்த்தியது அவர்தான்.

சொல்லித்தான் ஆகவேண்டும். மேஜையருகில் போய் நின்றார். பேட்டரி அண்ணன் நிமிர்ந்தார். அவசர அவசரமாக மெஷின்களைக் காதில் மாட்டிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"மன்னிச்சுக்குங்க சார், கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க." குரலை இறக்கிக்கொண்டார். "சார்ஜுக்காக இல்ல சார். திட்டு வாங்கறவங்களுக்கு, ஒரு ஆளாவது கேக்கலன்னு இருந்தா, அந்த ஆள் மூஞ்சியிலயாவது முழிக்கலாம் பாருங்க. அன்னிக்கு டெலிவரித் தம்பியைத் திட்டறப்ப நான் கழட்டல. இன்னிக்கு வரைக்கும் அவர் என் மேஜைப் பக்கம் வர்றதில்ல. உங்களுக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான்..."

மேனேஜர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க மனசுல வச்சுக்காதீங்க சார். அங்க பேசினதுல ஒரு வார்த்தைகூட என் காதுல விழல."