குளிராத விளக்கு

இரண்டாயிரத்து ஆறில், உழவர்கரையில் ஒரு வீட்டின் கார் ஷெட்தான் அந்தக் கம்பெனி. தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மோட்டாரை இயக்கும் சிப்புக்கு ஹேமலதா புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். சிப்பைப் பொருத்தவேண்டிய போர்டு இன்னும் வந்து சேரவில்லை. கம்ப்யூட்டர் திரையில் வரைந்த போர்டிலேயே ஓட்டிப் பார்ப்பாள். சம்ப் நிறைந்தால் அந்தப் படத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

"வெளக்க அணைச்சிட்டியாம்மா?" என்று கிளம்பும்போது முதலாளி கண்ணையன் கேட்பார்.

"குளிர வெச்சிட்டேன் சார்." விளக்கை 'அணைத்தேன்' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது; படமானாலும் விளக்கு விளக்குதானே.

ஒரு மழைச் சாயங்காலம், ஷட்டர் இறக்கியிருந்த நேரத்தில் கரண்ட் போனது. திரை இருண்டது. அதில் அவள் இன்னும் குளிர வைக்காத அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வெளியே போக எழுந்தவள் அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தாள்: அடுத்த காலடியில் ஷெட்டின் சம்ப் திறந்து கிடந்தது. விளிம்புவரை தண்ணீர், அதில் சிவப்பாக ஒரு புள்ளி.

டார்ச்சோடு ஓடிவந்த கண்ணையன் சம்ப் மூடியை இழுத்துப் போட்டார். "நாந்தாம்மா மூட மறந்துட்டேன். நல்லவேள, நின்னுட்ட."

"வெளக்கு இருந்துச்சு சார்."

"கரண்டே இல்லியே, ஏது வெளக்கு?"

மறுநாள் காலை, சுவிட்சைப் போடுவதற்கு முன் அவள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணாடி சில்லென்று இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்த அந்த ஓர் இடம் மட்டும் இன்னும் குளிரவில்லை.